ஒரு வண்டிக்கு இரண்டு இன்ஜின்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அக்கா சுகம். போன மாதம் மாடிப்படியில் சறுக்கிய என் இடது முழங்கால் முக்கால்வாசி சுகம். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். முப்பது வருஷமாக நீ கண்ணும் கருத்துமாக வளர்த்துவரும் உன் மீசையும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதம் அந்த மீசையைப் பற்றியதுதான்.

வீட்டில் இரண்டு போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்கா பக்கத்தில் நின்று திருத்துவாள். நான் மத்தியானம் என்றால் பன்னிரண்டே கால் என்பாள். நான் பெரிய சத்தம் என்றால் அவ்வளவு பெரிசு இல்லை என்பாள். ஐந்தாவது நிமிஷத்தில் போன் அவள் கைக்குப் போய்விடும், நான் சொல்ல வந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீ தெரிந்துகொள்வாய். இப்போது அவள் மருந்துக் கடை வேலைக்குப் போயிருக்கிறாள், ஐந்தரைக்குத்தான் வருவாள். இப்போது மணி பத்தேகால். எனக்கு நேரம் இருக்கிறது, தாள் இருக்கிறது, மனசு நிறைய பாரமும் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்ததை உனக்கு நினைவுபடுத்துகிறேன். உன் அக்கா ஐம்பத்தேழு வயதில், ஐந்தாவது முயற்சியில், டிரைவிங் லைசென்ஸ் வாங்கினாள். முதல் முறை பின்பக்கமாக வரச் சொன்னதற்கு முன்பக்கமாகப் போனாள். இரண்டாவது முறை வண்டி ஏழு தடவை நின்றது. மூன்றாவது முறை மழை. நான்காவது முறை எல்லாம் ஒழுங்காகத்தான் ஓட்டினாள், ஆனால் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்த மனசு வராமல் பரிசோதகரைக் கடைத்தெரு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஐந்தாவது முறை பாஸாகி, அந்த லைசென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டே உனக்குப் போன் பண்ணினாள். நீ வாழ்த்துச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு என்ன சொன்னாய்? "அக்கா, ஆறு மாசத்துக்குள்ள நீயே ஓட்டிக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நின்னுட்டேன்னு வெச்சுக்கோ, நான் மீசையை எடுத்துடறேன்!" என்றாய். பின்னால் தங்கச்சி சிரித்தது இங்கே வரைக்கும் கேட்டது. உன் அக்கா போனை வைத்துவிட்டு நாட்காட்டியில் ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டாள். மறுநாள் தனக்கென்று ஒரு சாவிக்கொத்து வாங்கிவந்தாள், அதில் பித்தளையில் ஒரு குட்டிக் குருவி. என் பழைய வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி அதில் மாட்டிக்கொண்டாள். பதினேழு வருஷமாக என் சட்டைப் பையில் இருந்த சாவி அது. வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது வருத்தப்படத் தோன்றவில்லை.

அந்தத் தேதி வருகிற முப்பதாம் தேதி. இன்றைக்குப் பதினான்கு.

இப்போது வண்டிக்கு வருகிறேன். நான் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். மனிதன் பொய் சொல்வான், குழாய் பொய் சொல்லும், மீட்டர் சொல்லாது. நம் வண்டியின் மீட்டரை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன். இந்த மாதம் மூன்று லட்சத்து எழுபத்து நாலாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. அவ்வளவு ஓடியும் அது ஒரு நாள் என்னை நடுரோட்டில் நிறுத்தியதில்லை. ஆனால் உன் அக்கா ஓட்டத் தொடங்கிய அடுத்த மாதமே பின்னாலிருந்து நீலமாகப் புகை வர ஆரம்பித்தது. முதலில் ஊதுபத்தி அளவு, பிறகு கொசுவுக்கு மருந்து அடிக்கும் வண்டி அளவு. அவள் இரண்டாவது கியரிலேயே ஊரைச் சுற்றுகிறாள், அதனால்தான் என்று எனக்குள் ஓர் எண்ணம். சத்தியமாக வாய் திறந்து சொல்லவில்லை. முகத்தால் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. வாயால் சொல்லாமல் நான் செய்தது ஒன்றுதான்: இத்தனை ஓடிய வண்டி ஆயில் குடிக்கும், அளவு பார்க்கிற குச்சியில் கோடும் தேய்ந்துபோச்சு, அதனால் வாரம் ஒரு தரம் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று மெக்கானிக் சொன்னபடி, அவள் ஓட்டத் தொடங்கிய வாரத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தலைக்குக் குளிக்கும் நேரமாகப் பார்த்துக் கால் லிட்டர் ஊற்றிவந்தேன். அவளுக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படும் என்று ஆயில் டப்பாவைப் பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். புகை அதிகமாக அதிகமாக நானும் அரை லிட்டர் ஆக்கினேன். ஒரு தகப்பன்கூடப் பிள்ளைக்கு இப்படி ஊட்டியிருக்க மாட்டான்.

ஐந்தாம் தேதி சாயங்காலம் மருந்துக் கடை வாசலில் அவள் வண்டியைக் கிளப்பியதும் எழும்பிய புகையில் பக்கத்து வளையல் கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாராம். நான்கு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் வாளியில் தண்ணீரோடு. உன் அக்கா அந்தக் கூட்டத்தின் நடுவே கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வீடுவரைக்கும் ஓட்டி வந்துவிட்டாள். வந்ததும் குருவிச் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினாள். "இனிமே நான் ஓட்டல. பதினேழு வருஷம் நீங்க ஓட்டினீங்க, ஒண்ணும் ஆகல. அஞ்சு மாசம் நான் ஓட்டினேன், கெடுத்துட்டேன்" என்றாள். நான் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வதற்குள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குச் சொல்லத் தெரியாமல்தான் அந்த நொடி போயிற்று. அதை நினைத்து இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

மறுநாள் மெக்கானிக்கை வரவழைத்தோம். இவருக்கு இந்தத் தெருவில் பெயர் "பாத்துக்கலாம்". எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்வார், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார், அதில் குறை சொல்ல முடியாது. வந்தார், மீட்டரைப் பார்த்தார், கிளப்பச் சொன்னார், புகையைப் பார்த்தார், பானெட்டைத் திறக்கவே இல்லை. டாக்டர் கை நாடியைத் தொடாமலே உதட்டைப் பிதுக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

"மூணே முக்கால் லட்சம் சார். பிஸ்டன் ரிங் போயிருக்கும், பிஸ்டன் ஓடுற குழாய், அதான் போர், தேஞ்சிருக்கும். ரெண்டு வழி இருக்கு. இதையே பிரிச்சு, போரைக் கடைஞ்சு, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசா போட்டா இன்னும் ரெண்டு லட்சம் ஓடும். ஆனா மூணு வாரம் ஆகும். இல்லேன்னா, கம்மியா ஓடின பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கி மாத்திட்டா ரெண்டே நாள்."

"ரெண்டுல எது நல்லது?"

"ரெண்டும் நல்லதுதான் சார். பாத்துக்கலாம்."

அவர் போய்விட்டார். மூன்று நாள் சண்டை. நான் ரிப்பேர் கட்சி, உன் அக்கா மாற்றுக் கட்சி. என் வாதம் இதுதான்: இந்த இன்ஜின் என்ன பாவம் செய்திருந்தாலும் அது எனக்குத் தெரிந்த பாவம். எங்கேயோ யாரோ ஓட்டிய இன்ஜினைக் கொண்டுவந்து வைத்தால் அதன் பாவம் யாருக்குத் தெரியும்? உள்ளே எதைத் தேய்த்திருக்கிறான், எதை ஒட்டவைத்திருக்கிறான் என்று எந்த நோட்டில் எழுதியிருக்கிறது? அவள் வாதம் அதைவிடச் சுருக்கம்: "மூணே முக்கால் லட்சம் ஓடியாச்சு. போதும். அதைப் போட்டு இன்னும் பிரிச்சுப் பிரிச்சு என்ன பண்ணப் போறீங்க?" நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. எனக்குச் சுருக்கென்றது. "இதே கேள்வியை நாளைக்கு என்னைப் பத்தியும் கேப்பே" என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல், "உங்களுக்கு மாத்து இன்ஜின் கிடைக்கல. அதனாலதான் வெச்சிருக்கேன்" என்றாள். சண்டை மும்முரமாக நடக்கும்போது சிரித்துவிட்டால் தோற்றதாக அர்த்தம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், அங்கே தனியாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

ஆனால் ஒன்பதாம் தேதி காலையில் காப்பி குடிக்கும்போது அந்த ஆணியில் குருவி தொங்குவதைப் பார்த்தேன். நான்கு நாளாக யாரும் தொடவில்லை. எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. என் மூன்றே முக்கால் லட்சமும் என் நோட்டும் கிடக்கட்டும். அவளுக்கு வேண்டியது தன்மேல் பழி இல்லாத ஓர் இன்ஜின், அதுவும் முப்பதாம் தேதிக்குள். இதையே பிரித்து உட்கார்ந்தால் மூன்று வாரம் ஓடிவிடும், தேதி போய்விடும், அவள் ஓட்டுகிற ஆசையும் போய்விடும். ஆகவே மாற்றுக் கட்சிக்குத் தாவிவிடுவது என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் "பார்த்தீங்களா" என்பாளே. திடீரென்று கொண்டுவந்து கண்முன்னே வைத்துவிட வேண்டும் என்று திட்டம். மெக்கானிக்கிடம் மட்டும் போய், "நான் ஒரு இன்ஜின் வாங்கிட்டு வந்தா மாத்திக் கொடுப்பீங்களா? வீட்ல சொல்லாதீங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தலையைச் சொறிந்தார். "பாத்துக்கலாம் சார்" என்றார்.

பத்தாம் தேதி காலையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைக்குப் போனேன். தகரக் கூரை, தரையெல்லாம் கறுப்பு, சுவரோரம் வரிசையாகப் பழைய டயர்கள், ஒவ்வொரு டயரின்மேலும் ஓர் இன்ஜின், ஒவ்வொரு இன்ஜின்மேலும் சாக்பீஸால் ஒரு எண். கடைக்காரர் வெற்றிலை மென்றுகொண்டு என்னை ஒரு இன்ஜின் முன்னால் நிறுத்தினார். "இது அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு. ஒரே ஆள் ஓட்டின வண்டி. பல் டாக்டர். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்" என்றார். பக்கத்து இன்ஜின் ஒரு டீச்சர் ஓட்டியது. அதற்கடுத்தது ஒரு வங்கி மேனேஜர், அவரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்தக் கடையிலிருந்த எந்த இன்ஜினையும் வேகமாகப் போகிறவன் ஒருவன்கூடத் தொட்டதில்லை. அவர்கள் வண்டியெல்லாம் எங்கே போய் உடைகிறதோ தெரியவில்லை. நான் விடுவேனா, முப்பத்தொரு வருஷ அனுபவம், "அறுபதாயிரம்னு எதை வெச்சுச் சொல்றீங்க? மீட்டர் எங்கே?" என்றேன்.

"மீட்டர் வேற ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரு சார்."

மைத்துனா, என் வாழ்நாளில் மீட்டர் இல்லாமல் ஓர் எண்ணை நம்பியது அன்றைக்குத்தான். அவர் இன்ஜினின் முன்பக்கத்துச் சக்கரத்தில் பெரிய ஸ்பானரைப் போட்டுச் சுற்றிக் காட்டினார். வழுவழுவென்று சுற்றியது. மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். நான் ஏதோ தெரிந்தவன் போல "ம்ம்" என்றேன். பல் டாக்டர் இன்ஜினை வாங்கிவிட்டேன், கூடவே அது உட்கார்ந்திருந்த டயரையும்.

பன்னிரண்டே கால் மணிக்குச் சரக்கு வண்டி நம் வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் டிரைவர் பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் பார்த்தால், நம் வண்டி இல்லை. காலையில் நிறுத்தியிருந்த இடத்தில் ஓர் எண்ணெய்க் கறையும் அதைச் சுற்றி உலர்ந்த இலைகளும்தான். இன்ஜின் இருக்கிறது, கார் இல்லை. சரக்கு வண்டிக்காரர் "சார், இதை எதுல மாட்டப் போறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இன்ஜினை முன்னறைக்குத் தூக்கச் சொன்னேன். நான்கு பேர், இரண்டு மரக்கட்டை, ஒரு கயிறு, பதினெட்டு "ஹோய்". டயரைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார வைத்தார்கள், சோபாவுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே. பிறகுதான் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"வண்டி காணோம்!"

"வண்டி இங்கதான் சார் இருக்கு. காலையில அம்மா சொல்லி இழுத்துட்டு வந்தேன். இன்ஜினை இறக்கியாச்சு. பிரிச்சுப் புதுசு பண்ணச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லாதீங்கன்னாங்க, அதான் சொல்லல."

"நான் வேற இன்ஜின் வாங்கப் போறேன்னு நேத்துச் சொன்னேனே, அதை அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நீங்களும்தான் சார் சொல்லாதீங்கன்னீங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்று முன்னாலேயே எழுதியிருக்கிறேன்.

உன் அக்கா அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒரு மணிக்கு வந்தாள். கதவைத் திறந்தாள். சோபாவில் நான், பக்கத்தில் டயர்மேல் இன்ஜின். இரண்டு பேரும் அவளுக்காகக் காத்திருந்தோம்.

"இது என்ன?"

"பல் டாக்டர் ஓட்டினது. அறுபதாயிரம்தான்."

அவள் பையைக் கீழே வைத்தாள். "வேற இன்ஜின் வேண்டாம்னு ஒத்தக் கால்ல நின்னீங்களே?"

"நீ பிரிக்கவே வேண்டாம்னு நின்னியே?"

அவள் இன்ஜினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்க இன்ஜினை நான்தானே கெடுத்தேன். அதை உங்களுக்குச் சரிபண்ணிக் கொடுத்துடணும்னு தோணுச்சு. பந்தயம் போனா போகட்டும்." சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. நான் என் பக்கத்தைச் சொன்னேன். குருவியைப் பற்றியும் சொன்னேன். முப்பத்து மூன்று வருஷ வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் தடவை. ஒரே ஒருவர் விட்டுக்கொடுத்திருந்தால் ஓர் இன்ஜினோடு போயிருக்கும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த முன்னறையில், கிரீஸ் வாசனைக்கு நடுவே, நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாள் ஆயிற்று.

அந்தச் சந்தோஷத்தின் விலையாக இப்போது குடித்தனம் இன்ஜினோடு நடக்கிறது. உன் அக்கா அதன்மேல் பூப்போட்ட மேஜை விரிப்பைப் போட்டுவிட்டாள். நான் மூக்குக் கண்ணாடியை அதன்மேல் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறேன். மேல்மாடிக்காரம்மா வந்து, விரிப்பின் வடிவத்தைப் பார்த்துவிட்டு, "தையல் மிஷினா?" என்று கேட்டார். உன் அக்கா ஆமாம் என்று சொல்லிவிட்டாள், இப்போது அந்த அம்மாள் நாளைக்குத் தலையணை உறை தைக்கத் துணியோடு வருகிறார். அங்கே பட்டறையிலோ நம் இன்ஜின் இன்னும் பிரிக்கப்படாமல் மரப்பெட்டிமேல் கிடக்கிறது. இரண்டையும் ஒரே வண்டியில் போட முடியாது, எதைப் போடுவது என்று முடிவாக வேண்டும். நான் பல் டாக்டரையே போடு என்கிறேன், அவள் உங்க பழைய இன்ஜினையே போடுங்க என்கிறாள். சண்டை பழையபடி நடக்கிறது, கட்சி மட்டும் மாறியிருக்கிறது. மெக்கானிக்கும் நான் போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். நம் இன்ஜினை இறக்கும்போது உள்ளே இருந்த ஆயிலை வடிக்க அவர் வைத்த நாலு லிட்டர் சட்டி நிறைந்து, தரையெல்லாம் வழிந்து, அவருடைய புதுச் செருப்பு பாழாகிவிட்டதாம். சட்டி நசுங்கியிருக்கும், அதற்கு நான் என்ன பண்ணுவேன்?

ஆகவே, மைத்துனா, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். இந்தச் சண்டை முடிந்து முப்பதாம் தேதிக்குள் வண்டி தயாராகாது. பந்தயத்துக்கு இன்னும் இரண்டு மாதம் கொடு. இதை நீயே நினைத்துச் செய்வது போல உன் அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லு, நான் எழுதினேன் என்று தெரிந்தால் என்னையும் பிரித்து டயர்மேல் வைத்துவிடுவாள். அடுத்தது, உன்னுடையதும் நம்முடைய மாடல் வண்டியேதான், அதுவும் புகை விடுகிறது என்று போன தடவை புலம்பினாயே. ஒரு சரக்கு வண்டியோடு வந்து, பல் டாக்டரையோ என்னுடையதையோ, எது மிஞ்சுகிறதோ அதை எடுத்துக்கொண்டு போ. எனக்கு மூக்குக் கண்ணாடி வைக்க வேறு இடம் இருக்கிறது.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி அண்டாமல், வண்டி புகை விடாமல், பிள்ளைகள் எதிர்த்துப் பேசாமல், நீண்ட நாள் வாழ வேண்டும். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். சின்னவளுக்கு ஒரு முத்தம். மீசைக்கு என் மரியாதை.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடு.

இன்றைக்குத் தேதி இருபத்து மூன்று. பதினான்காம் தேதி இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பியவன், வழியில் பட்டறைக்குள் தலையை நீட்டினேன். மருந்துக் கடையில் இருக்க வேண்டிய உன் அக்கா அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எனக்குத் தெரியாமல், இன்ஜினைப் பார்க்க வருகிறாளாம். சீக்கில் கிடக்கிறவர்களைப் பார்க்க வருகிற மாதிரி. அன்றைக்குத்தான் மெக்கானிக் மேல்பாகத்தைக் கழற்றினார். கழற்றிய இடத்தில் குனிந்து பார்த்தார். டார்ச் அடித்து மறுபடியும் பார்த்தார். "சார், போர்ல கம்பெனி போட்ட கோடுகூட இன்னும் அழியல. ரிங் நல்லா இருக்கு. இதுக்கு ஒரு வியாதியும் இல்ல. நீங்க ஆயில் எவ்வளவுதான் ஊத்தினீங்க?" என்றார்.

"நீங்க சொன்னபடிதான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை" என்றேன்.

உன் அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமையா? புதன்கிழமை நான்ல ஊத்தறேன்!"

மெக்கானிக் அவளிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறார். அவளும் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு ஆயில் டப்பாவை ஒளித்துவைத்து, நான் பேப்பர் படிக்கிற நேரமாகப் பார்த்து ஐந்து மாதமாக மருந்து ஊற்றுகிற மாதிரி மூடி மூடியாக ஊற்றியிருக்கிறாள். புகை அதிகமானதும் அவளும் அளவைக் கூட்டியிருக்கிறாள். மூன்றரை லிட்டர் பிடிக்கிற இன்ஜினுக்குள் ஏறக்குறைய ஆறு லிட்டர். அது புகை விடாமல் என்ன செய்யும்? அவருடைய சட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று பேரும் மீட்டரைத்தான் பார்த்தோம், கோடு தேய்ந்த குச்சியை ஒருவரும் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷம் மீட்டர் பார்த்தவன் என்று இனிமேல் எங்கேயும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

உன் அக்கா அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் அது சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. "அப்போ நான் கெடுக்கல" என்றாள். "நீ கெடுக்கல" என்றேன். ஒன்பது நாளாக என் வாயில் வராமல் இருந்த வார்த்தை அது. வீட்டுக்கு வந்ததும் நேராக ஆணிக்குப் போய்க் குருவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

புது கேஸ்கெட், புதுக் குச்சி, மூன்றரை லிட்டர் ஆயில், ஐந்து நாள். நம் இன்ஜினே திரும்ப ஏறிவிட்டது, ஒரு துளி புகை இல்லை. பல் டாக்டர் முன்னறையிலேயே இருக்கட்டும், உன் அக்காவுக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. உனக்குத் தருவதாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். உன் வண்டிக்கும் இன்ஜின் தேவைப்படாது என்று நினைக்கிறேன். முதலில் குச்சியை எடுத்துப் பார். பிறகு தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, புதன்கிழமைகளில் என்ன செய்கிறாள் என்று ஒரு வார்த்தை கேள்.

இதை எழுதுவது உன் வீட்டுக்கு நாற்பது கிலோமீட்டர் முன்னால் ஒரு டீக்கடை மேஜையில். இருநூற்றெழுபது கிலோமீட்டர் உன் அக்காதான் ஓட்டினாள், மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும். ஒரு டிராக்டர் எங்களை முந்தியது உண்மைதான், அதற்குப் பிறகு அவள் அதை முந்தியதும் உண்மை. இப்போது முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். தபால்தலை ஒட்டவில்லை. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தவன் நான், வாசலில் நிற்கிற வண்டியில் உட்கார்ந்திருப்பது அவள். நீ படித்து முடிக்கும்வரை ஹாரன் அடிக்காதே என்று சொல்லியிருக்கிறேன், கேட்பாள் என்று தோன்றவில்லை.

உன் வீட்டில் சவரக் கத்தி தேட வேண்டாம். வழியில் உன் அக்கா தான் வாங்கியதை வைப்பதற்காக டேஷ்போர்டைத் திறந்தாள். உள்ளே ஏற்கெனவே நான் வாங்கியது இருந்தது. மீசைக்கு இரண்டு பக்கம் இருக்கிறதல்லவா, ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொள்கிறோம்.